உட்கார்ந்தே வேலை பார்க்கிறவருக்குச் சென்னையில் எது சரிப்படும்?

சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது, பிரஷர் 140-ஐத் தொட்டுவிட்டது, பேன்ட் பட்டன் மாட்ட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் "தினமும் நடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். எங்கே நடப்பது, என்ன வேகத்தில், மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, நடை மட்டும் போதுமா, ஜிம்மில் சேரலாமா, ட்ரெட்மில் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து நாமே முடிவு செய்ய வேண்டியவை. பல வீடுகளில் அந்த முடிவு ஜனவரியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து வருடச் சந்தா கட்டுவதோடு நின்றுவிடுகிறது.

நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் கழிக்கும், 30 முதல் 60 வயதுக்குள் இருக்கும் சென்னைவாசிக்கு என்னென்ன வழிகள் உண்டோ அவற்றை இங்கே ஒப்பிடுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலைக்குப் போய்வரும் வழியிலேயே நடையைச் சேர்த்துக்கொள்வதும், வாரம் இரண்டு நாள் வீட்டில் தசைப் பயிற்சி செய்வதும் சேர்ந்ததுதான் முதல் இடம். பூங்கா நடையும் மொட்டை மாடி நடையும் அடுத்தது. ஜிம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருந்தால் மட்டும். ட்ரெட்மில் கடைசி.

இதை இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றால், வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் உலகில் 31 சதவீதப் பெரியவர்களுக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. தலைக்கணக்கில் சுமார் 180 கோடிப் பேர். இந்தியாவில் ஏறக்குறைய பாதிப்பேர்: பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42. 2000-ல் இந்தியாவின் கணக்கு 22 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வான ஐசிஎம்ஆர்-இண்டியாப் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த கணக்கு 2014-ல் வந்தது. அதில் நகரவாசிகளில் 65 சதவீதம் பேர் போதிய அளவு உடலை அசைக்காதவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி என்று ஏதாவது செய்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

உட்கார்ந்திருப்பதே நோய்க்கு வழி என்று முதலில் தெளிவாகக் காட்டியது லண்டன் பஸ்கள். ஜெரெமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டடுக்கு பஸ்ஸின் டிரைவர்களுக்கு வந்த அளவுக்கு இதய நோய் கண்டக்டர்களுக்கு வரவில்லை. ஒரே நிறுவனம், ஒரே பஸ். ஆனால் கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார், டிரைவர் உட்கார்ந்தே இருந்தார்.

தொடையும் கெண்டைக்காலும்தான் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்ளும் இடங்கள். தசை சுருங்கும்போது இன்சுலினின் தயவு இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாள் முழுக்க அந்தத் தசைகள் சும்மா கிடந்தால் சாப்பிட்ட சாதத்தின் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும். நம் ஆட்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் என்பதால் எடை அளவாகத் தெரிந்தாலும் தப்பிக்க முடியாது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை என்று நமக்குத் தனி அளவு வைத்திருப்பது இதனால்தான்.

மாற்ற முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை வைத்து இங்கே நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் முழு நோயாளிகள் ஆனார்கள். உணவுக் கட்டுப்பாடும் தினசரி அரை மணி நேர வேக நடையும் சொல்லித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம். மாத்திரை எதுவும் தராமல் கிடைத்த வித்தியாசம் இது.

எவ்வளவு வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கெல்லாம் வேலை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள், விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் உண்டு.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது "மிதமான" என்ற இடத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணினால் 25 வர வேண்டும். நண்பரோடு ரியல் எஸ்டேட் விலை பேசிக்கொண்டே பூங்காவைச் சுற்றினால் பல நேரம் 18, 20-க்கு மேல் வராது. அது சும்மா இருப்பதைவிட நல்லதுதான், ஆனால் 150 நிமிடக் கணக்கில் சேராது.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 2022-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடி வரையிலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும் இறப்பு ஆபத்து குறைந்துகொண்டே வந்து, பிறகு நிலைத்தது. நாளுக்கு 3,000 அடியில் இருப்பவர் 5,000-க்கு வந்தாலே பெரிய லாபம்.

இதோடு சென்னைக்கென்று நாங்கள் ஒரு சோதனை வைக்கிறோம். தேர்ந்தெடுக்கும் வழி அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நடக்குமா? மே மாதம் விடியற்காலையிலேயே புழுக்கம் ஆளைத் தள்ளும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை எந்த நாள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு காலத்தையும் கூட்டினால் வருடத்தில் சுமார் மூன்று மாதம் வரும். மூன்று மாதம் விட்ட பழக்கம் தானாகத் திரும்பி வருவதில்லை.

போகும் வழியிலேயே நடப்பது

பெரம்பூரில் வீடு, தரமணியில் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் போனால் உடம்புக்கு வேலையே இல்லை, முதுகுக்கு மட்டும் குலுக்கல். அதையே ரயிலில் போனால்: வீட்டிலிருந்து பெரம்பூர் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை, மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கி பார்க் டவுன் பறக்கும் ரயில் நிலையத்துக்கு ஏழெட்டு நிமிடம், படிகள் உட்பட, தரமணியில் மேலே இருக்கும் நடைமேடையிலிருந்து இறங்கி ஆபீஸ் வரை பத்து நிமிடம். ஒரு வழிக்கு 27, 28 நிமிடம். போய்வர 55. ஐந்து நாளில் 275 நிமிடம். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வேகமும் தானாக வந்துவிடுகிறது. உடற்பயிற்சிக்கென்று ஒரு நிமிடம்கூடத் தனியாக ஒதுக்காமல் பரிந்துரையின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று.

வீடும் ஆபீஸும் இப்படி அமையாதவர்களுக்கும் வழி உண்டு. டைடல் பார்க் போகிறவர் திருவான்மியூருக்குப் பதிலாக இந்திரா நகரில் இறங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கூடும். மெட்ரோவில் வருபவர் எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறலாம். சுரங்க நிலையங்களில் நடைமேடையிலிருந்து தெருவுக்கு வர நான்கைந்து மாடி ஏறுவதற்குச் சமமான இடங்கள்கூட உண்டு. இப்படி மூச்சு வாங்க வைக்கும் ஒன்றிரண்டு நிமிட முயற்சிகள் நாளில் மூன்று வந்தாலே, உடற்பயிற்சியே செய்யாதவர்களில் இறப்பு ஆபத்து குறைவாக இருந்ததை 2022-ல் வந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. பஸ்ஸில் போகிறவர் ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கலாம். கம்பெனி கேப் வாசலிலேயே வந்து நிற்கிறது என்றால் பிக்கப் இடத்தை மெயின் ரோட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பகல் ஷிப்டுக்கு மட்டும். இரவில் வாசல்தான் சரி.

இது எங்கே உடைகிறது என்று சொல்கிறோம். முதலாவது வியர்வை. நனைந்த சட்டையோடு மீட்டிங்கில் உட்கார யாருக்கும் பிடிக்காது. அதனாலேயே மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். காட்டன் பனியன், டி-ஷர்ட்டோடு நடந்து, ஆபீஸ் ரெஸ்ட்ரூமில் ஈரத் துண்டால் துடைத்து, மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். திங்கட்கிழமை மூன்று சட்டையைக் கொண்டுபோய் டிராயரில் வைத்துவிட்டால் தினமும் சுமக்க வேண்டியதில்லை. இரண்டாவது செருப்பு, ஷூ. தோல் ஷூவின் கட்டியான அடிப்பாகத்தோடு தினம் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சில வாரங்களில் குதிகால் வலி பிடிக்கும். நடக்க ஸ்போர்ட்ஸ் ஷூ, ஆபீஸுக்குள் போட்டுக்கொள்ள மேஜைக்கடியில் ஒரு ஜோடி. மூன்றாவது பை. லேப்டாப், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் சேர்ந்தால் நாலைந்து கிலோ. ஒரே தோளில் மாட்டினால் கழுத்து வலியில் முடியும். இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் சரி.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் நடக்கவே வேண்டாம். திறந்த வடிகாலும் விலகிய ஸ்லாபும் தண்ணீருக்கடியில் தெரியாது, மின்பெட்டிக்குப் பக்கத்துத் தண்ணீர் உயிரையே வாங்கும். அந்த நாள்களில் ஸ்டேஷன் படிகளோடும் ஆபீஸ் படிகளோடும் நிறுத்திக்கொள்ளலாம். அப்படியும் மாதத்தில் ஏழெட்டு நாள் போனாலும் மீதி நாள் தானாக நடக்கிறது. ஆபீஸ் போகாமல் இருக்க முடியாதே. இந்தக் கட்டாயம்தான் இந்த வழியின் பலம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் அடுத்த வழிகளைப் பார்க்க வேண்டும்.

கடற்கரை, பூங்கா

பக்கத்தில் பூங்கா இருந்து, ஐந்தரை மணிக்கு எழ முடிகிறவருக்கு இது நல்ல வழி. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க் மாதிரி நிழலும் சமதளமும் உள்ள இடங்களில் முழங்காலுக்கும் கண்ணுக்கும் தொல்லையில்லை. பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கப்பட்டது. பழக்கமில்லாதவர் முதல் நாளே எட்டையும் முடிக்கப் பார்க்க வேண்டாம், இரண்டில் ஆரம்பிக்கலாம். மெரினாவில் காமராஜர் சாலையை ஒட்டிய அகலமான நடைபாதை போதும். மணலில் இறங்கி நடந்தால் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்கு உழைப்பு என்பது உண்மை. ஆனால் பழகாத கெண்டைக்காலும் பாதமும் அதைத் தாங்காது. பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். அலையோரத்து ஈர மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு மணலில் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கிளிஞ்சல் கிழித்ததுகூடத் தெரியாது, இரண்டு நாள் கழித்துச் சாக்ஸில் கறை பார்த்துத்தான் தெரியவரும். மிருதுவான ரப்பர் அடிப்பாகமுள்ள எம்சிஆர் செருப்போ, விரல் நெருக்காத ஷூவோ போட்டு நடந்து, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும்.

பெண்களுக்கு இந்த வழியில் கூடுதல் தடை உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. காலை ஐந்தரை முதல் எட்டு வரை சமையலும் டிபன் டப்பாவும் பள்ளி வேனும். மாலை ஆறரைக்கு மேல் பல பூங்காக்களில் வெளிச்சம் போதாது. 57-க்கும் 42-க்கும் உள்ள இடைவெளியில் இதற்குப் பங்கு உண்டு. காலை வேலையில் ஒன்றைக் கணவரோ மகனோ எடுத்துக்கொண்டால்தான் பூங்கா என்ற பேச்சுக்கே அர்த்தம். வீட்டு வேலையே போதாதா என்றால், தரை துடைப்பதும் கையால் துணி துவைப்பதும் மூச்சு வாங்கச் செய்தால் கணக்கில் சேரும். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது சேராது.

மொட்டை மாடி, எட்டு நடை

மழை நின்ற அரை மணியில் நடக்கலாம், நாய் துரத்தாது, செலவில்லை. 30 அடிக்கு 40 அடி மாடி என்றால் ஓரமாக ஒரு சுற்று 140 அடி, சுமார் 43 மீட்டர். 23 சுற்று ஒரு கிலோமீட்டர். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் உள்பக்க முழங்காலில் அழுத்தம் ஏறும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள். தண்ணீர் பைப், துணிக்கொடி, பாசி பிடித்த மூலை இந்த மூன்றும்தான் விழ வைக்கிறவை. கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் இருட்டில் வேண்டாம்.

எட்டு நடைக்கு இங்கே பெரிய பெயர் இருக்கிறது. 6 அடிக்கு 12 அடியில் எட்டு வரைந்து அதன்மேல் நடந்தால் சர்க்கரை, மூட்டு வலி, ஆஸ்துமா எல்லாம் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சிறிய வளைவில் வேகம் குறையத்தான் செய்யும், நிமிடத்துக்கு 100 காலடி வருவது கஷ்டம். திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலைக்குப் பயிற்சி; அது 60-க்கு மேற்பட்டவர்களுக்கு நிஜமாகவே உதவும். ஆனால் வேக நடைக்கு அது ஈடாகாது. தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கூழாங்கல் பதித்த எட்டில் வெறுங்காலோடு நடப்பது, உணர்ச்சி மங்கிய பாதத்துக்குப் புண்ணை அழைத்துக்கொள்ளும் வேலை.

மாடி நடையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் 2016-ல் வந்த ஓர் ஆய்வில், நாளில் எப்போதாவது 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். ஒன்பது மணிக்கு இட்லி, தோசை சாப்பிட்டு டிவி முன் உட்காரும் வீடுகளுக்கு இந்தப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் என்றே சொல்வோம்.

ஜிம்

தசையைப் பொறுத்தவரை ஜிம்மை விஞ்ச எதுவுமில்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக முடியும், ஏசி இருப்பதால் மே மாதமும் நடக்கும். பிரச்சினை தூரமும் நேரமும். வீட்டிலிருந்து வண்டியில் இருபது நிமிடம் என்றால் மழையின் முதல் வாரத்திலேயே நின்றுவிடும். சேருவதற்கு முன் நீங்கள் உண்மையில் போகப்போகும் நேரத்தில், இரவு ஏழு மணி என்றால் ஏழு மணிக்கே, போய்ப் பாருங்கள். கால் பயிற்சி மெஷினுக்கு நான்கு பேர் காத்திருந்தால் உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதி நிற்பதிலேயே போகும். முதலில் ஒரு மாதச் சந்தா மட்டும்; வருடச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, மூன்றாம் மாதம் நிறுத்தினால் நஷ்டம்தான்.

பயிற்சியாளர் முதல் நாள் பிரஷர், சர்க்கரை, பழைய அடி எதையும் கேட்காமல் எடையைக் கையில் கொடுத்தால் வேறு இடம் பாருங்கள். முதல் எட்டு வாரத்துக்கு ஆறு அசைவு போதும்: உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது, சுமந்து நடப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். சேர்ந்த மறுநாளே புரோட்டீன் பவுடர் டப்பா விற்கப் பார்ப்பது இங்கே வழக்கம், வாங்க மறுத்துவிடுங்கள். பல மாநகராட்சிப் பூங்காக்களில் இருக்கும் திறந்தவெளிக் கருவிகளில் எடையைக் கூட்ட வழியில்லாததால் உடம்பைத் தளர்த்த உதவும், தசை வளர்க்க அவ்வளவாக உதவாது.

வீட்டிலேயே தசைப் பயிற்சி

நடப்பவர்கள் விட்டுவிடும் பாதி இது. நடை எவ்வளவு நடந்தாலும் தொடைத் தசையும் தோளும் வயதோடு கரைவதை நிறுத்தாது. முழங்கால் வலிக்கு மருந்து மாத்திரைக்கு முன்னால் தர வேண்டியதும் தொடைத் தசைப் பயிற்சிதான். 20, 25 நிமிடத்தில் முடிகிற ஒரு வரிசை:

நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்து தடவை, மூன்று சுற்று. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். முதுகுப் பக்கத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து வையுங்கள். எழும்போது முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக் கூடாது. சமையல் மேடையில் கை ஊன்றித் தள்ளும் தண்டால், பத்து தடவை, மூன்று சுற்று. அது முடியாதவர் சுவரில். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை, இரண்டு சுற்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசி வைத்து, குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்துத் தூக்குவது, ஒவ்வொரு கைக்கும் பத்து. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, 12 தடவை. கடைசியில் ஒற்றைக் காலில் 30 விநாடி, சுவர் கைக்கெட்டும் தூரத்தில்.

இரண்டு தடவை தொடர்ந்து சுலபமாகத் தெரிந்தால் கூட்டுங்கள்: பையில் இரண்டு கிலோ, அல்லது உட்காரும்போது நான்கு விநாடி நிதானமாக இறங்குவது. இதைக் கூட்டாமல் ஆறு மாதம் அதே பத்து செய்தால் தசை அங்கேயே நிற்கும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது. பிரஷர் சட்டென்று ஏறும். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்க முடியாது. வாசலில் வைத்துப்போகும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் 20 கிலோ எடைதான்: கேனை உடம்போடு ஒட்டி, முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கித் தொடையால் தூக்கினால் பயிற்சி. கையை நீட்டி, முதுகை வளைத்து, ஒரு பக்கம் திருகித் தூக்கினால் முதுகுப் பிடிப்பு.

ட்ரெட்மில்

மழை, வெயில், நாய், இருட்டு எல்லாவற்றுக்கும் பதில் என்று தோன்றும். ஆனால் 25,000 முதல் 60,000 ரூபாய் வரை போட்டு வாங்கியது துணி காயப்போடும் கம்பியாகிவிடுவதை நிறையப் பார்த்தாயிற்று. காரணம் சோம்பல் மட்டுமில்லை. புழுக்கமான அறையில் ஓடாத காற்றில் ஒரே இடத்தில் நடப்பது வெளியே நடப்பதைவிடச் சலிப்பு, வியர்வையும் அதிகம். இன்வெர்ட்டரில் ஓடாது, கரன்ட் போனால் போனதுதான்.

இயந்திரமும் கவனிப்பு கேட்கும். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் உராய்வு ஏறி, மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்து, கன்ட்ரோல் போர்டு எரியும். பழுதுச் செலவில் அதுதான் பெரியது. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள போல்ட்டை ஆலன் கீயால் கால் சுற்று திருகி, ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று. ஒரேயடியாகத் திருகினால் பெல்ட் ஓரம் கிழியும். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று போல்ட்டையும் போர்டையும் அரிக்கும். எடை 90 கிலோவுக்கு மேல் உள்ளவர் மெஷினின் எடை வரம்பை அதைவிட 20 கிலோ கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும். கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்க்கும், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் நடக்க வேண்டியவருக்கும் இது சரியான வழியாக இருக்கலாம். மற்றவர்கள் வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் மாடியில் நடந்து பாருங்கள். அதை விடாமல் செய்கிறவருக்குப் பெரும்பாலும் ட்ரெட்மில் தேவைப்படுவதில்லை.

மற்றவை சுருக்கமாக. சனி ஞாயிறு மட்டும் பேட்மின்டன் ஆடி 150 நிமிடத்தை எட்டினாலும் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் வாரம் முழுக்கச் செய்வதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஐந்து நாள் உட்கார்ந்த கால் ஆறாம் நாள் திடீரென்று பாய்ந்தால் குதிகால் தசைநாண் அறுகிறது. 40-க்கு மேல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் கோர்ட்டில் இறங்க வேண்டாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நீச்சல் நல்லது, மெரினா, வேளச்சேரி குளங்கள் பக்கத்தில் இருந்தால். யோகா மூச்சுக்கும் மூட்டுக்கும் நல்லது. சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்யாதவரை 150 நிமிடக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

எந்த வழியை எடுத்தாலும் நாற்காலி நேரம் தனிக் கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதன் ஆபத்தை ஈடுகட்ட நாளுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு தேவைப்பட்டதை 2016-ல் பத்து லட்சம் பேரின் தகவலைச் சேர்த்த ஆய்வு காட்டியது. அது எல்லோராலும் முடியாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதும், போன் வந்தால் எழுந்து நின்று பேசுவதும், சின்ன தண்ணீர் பாட்டிலாக வைத்துக்கொண்டு அடிக்கடி நிரப்பப் போவதும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

கிளம்புவதற்கு முன்

படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வழக்கத்தைவிட வாங்குகிறது, முன்பு இதய நோய் வந்திருக்கிறது என்றால் முதலில் டாக்டர். நடக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா குடிக்காமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர், சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது. பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல் வந்தால் அதைப் போட்டுக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மே மாதத்தில் கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர். தலை பாரமாக இருந்தால் அன்று நிறுத்திவிடலாம்.

முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் அரை மணி. தொடங்கும் நாளில் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு, காலை எழுந்ததும் நாடித்துடிப்பு, பிரஷர் மூன்றையும் எழுதிவையுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான் உண்மையைச் சொல்லும், அதற்கு முன் எடுத்துக் காசை வீணாக்க வேண்டாம். எடை அப்படியே இருந்து இடுப்பு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் வழி சரிதான், தொடருங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் முதலில் 15 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். அது சரியாக இருந்தால் நடை முடித்துச் சாப்பிடுவதைப் பாருங்கள்: 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகமாக நடந்து எரிப்பது சுமார் 150 கலோரி, வழியில் நின்று சாப்பிடும் பொங்கலும் வடையும் அதைப்போல மூன்று மடங்கு. அதுவும் இல்லையென்றால் வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று, என்ன காரணத்தால் என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். ஒரே காரணம் நான்கு முறை வந்திருந்தால் வழியை மாற்ற வேண்டிய நேரம் அது.